மூன்றாவது வீட்டில் பழுத்த மாப்பிள்ளை

வீடு காய்த்ததில் நாகலூத்துக்காரர்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஊரில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் காய்த்துவிட்டதே என்பதுதான் அவர்களுடைய மனத்தாங்கல். கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில், மலையிலிருந்து இறங்குகிற காற்று முதலில் வந்து உட்காருகிற இடத்தில் இருக்கிறது அந்த ஊர். எந்த மாசம் போனாலும் ஏதாவது ஒரு பந்தலில் பன்னீர் திராட்சை தொங்கும், ஏதாவது ஒரு பந்தலில் கொடியை வெட்டிவிடுகிற கவாத்து நடக்கும், ஆகையால் ஒன்று வெட்டுப்படுவதும் துளிர்ப்பதும் பூப்பதும் பழுப்பதும் அங்கே செய்தியே இல்லை, யார் வீட்டில் முதலில் பழுத்தது என்பதுதான் செய்தி.

முதலில் பழுத்தது காசிமாயன் தோட்டத்தில். ஆனால் இது காசிமாயனின் கதை இல்லை, அவன் தங்கை விருமாயியின் கதை. அம்மா செத்த அன்றைக்குக் கையில் எடுத்த கரண்டியை, நாற்பது வயதைத் தாண்டியும் அவள் கீழே வைக்கவில்லை. தாய்மாமன் மொக்கச்சாமிக்கு வரிசையாகப் பெண்களாகப் பிறந்ததால் அவளுக்கு முறைமாப்பிள்ளை என்று ஒருவன் அமையவில்லை; வெளியிலிருந்து வந்த வரன்களையோ காசிமாயன் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தான், ஒருவனுக்குக் காது பெரிசு என்றான், ஒருவன் ஊரில் தண்ணீர் உப்பு என்றான், ஒருவன் ரொம்ப நல்லவனாக இருக்கிறானே, அதுவே சந்தேகமாக இருக்கிறது என்றான். உண்மையான காரணம் அவள் வைக்கிற குழம்பு. இது ஊருக்கே தெரியும், அவளுக்கும் தெரியும், கோபமும் இருந்தது. உட்கார்ந்து கோபப்பட நேரம் கிடைப்பதற்குள் அடுத்த வேளைக்கு உலை வைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

தேக்கடிக்குப் போகிற வழியில் காரை நிறுத்தி, பந்தலுக்கு அடியில் நின்று படம் எடுத்து, ஒரு கொத்தைத் தின்றுவிட்டு, கொட்டையைத் துப்பிவிட்டு, பொழுது சாய்வதற்குள் போய்விடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துக் காசிமாயனுக்கு மனசு ஆறவில்லை. இவர்களைப் பிடித்துத் தங்கவைக்க வேண்டும் என்று தோட்டத்துக்குள் மூன்று விருந்தினர் வீடுகள் கட்டத் தீர்மானித்து, கோயம்புத்தூரிலிருந்து தமயந்தி என்கிற பெண்ணை வரவழைத்தான். மண்ணுக்குப் பாரமில்லாத வீடுகளை வரைகிறவள் என்று அவளைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். வந்த அன்று அவள் அளவு நாடாவை எடுக்கவே இல்லை. பந்தலுக்கு அடியில் சப்பணம் போட்டு உட்கார்ந்து காற்று எந்தப் பக்கமாக வருகிறது என்று பார்த்தாள், ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்தாள், கிணற்றைக் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கிணற்றில் எதையோ போட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக் காசிமாயனின் மனைவி பவுனுத்தாய் வாளியோடு ஓடினாள்.

"சிமெண்டு வேண்டாமுங்க, ஏசி வேண்டாமுங்க," என்றாள் தமயந்தி. "இங்கத்த மண்ணுலயே செவுரு வைக்கலாம். உள்ளுக்குக் கம்பிக்குப் பதிலா உங்க கவாத்துக் குச்சியவே பின்னிக்கலாம், எப்படியும் வெட்டித்தானே போடறீங்க. குளிச்ச தண்ணி செவுத்தோரமா கூழாங்கல்லுல வடிஞ்சு கொடிக்குப் போயிரும். ஒருநாள் வீடே வேண்டாம்னு ஆயிருச்சுன்னா, அதுபாட்டுக்கு மண்ணோட மண்ணாப் போயிரும்."

"கட்டுறதுக்கு முன்னாடியே மண்ணோட மண்ணாப் போகச் சொல்ற இன்ஜினீர இப்பத்தான் பாக்கேன்," என்றான் காசிமாயன். இருந்தாலும் சிமெண்டு வாங்க வேண்டாம் என்பது அவன் காதில் தேனாகப் பாய்ந்திருந்தது.

மூன்று வீட்டுக்கும் பொதுவாக ஒரு சமையலறை. அதை வரையும்போது தமயந்தி விருமாயியைக் கூப்பிட்டு, "அக்கா, சன்னல் எந்தப் பக்கம் வைக்கட்டுமுங்க?" என்று கேட்டாள். விருமாயி திரும்பிப் பின்னால் பார்த்தாள், வேறு யாரோ நிற்கிறார்கள் என்று. பிறகு, "ரோடு தெரியிற பக்கம் வை தாயி," என்றாள்.

குச்சியை நன்றாகக் காயவைத்துப் பட்டை உரித்துத்தான் சுவருக்குள் வைக்க வேண்டும் என்று தமயந்தி படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் ஊருக்குப் போனாள். காசிமாயனுக்கு அதுவரை பொறுக்க முடியவில்லை, அறுப்புக்கு முன்னால் வீடு எழும்பிவிட வேண்டும். எங்கிருந்தோ டிராக்டர் நிறையப் பச்சைக் குச்சி வந்து இறங்கியது. அதற்குமேல் நடந்தது அந்த ஊர்க்காரர்களால் மட்டுமே செய்ய முடிந்த பிழை. திராட்சைக் குச்சியைத் தலைகீழாக மண்ணில் செருகுகிற கை நாகலூத்தில் யாருக்கும் கிடையாது; சுவருக்குத்தானே என்று தெரிந்தும், ஒவ்வொரு குச்சியையும் கணு மேலே பார்க்கத் திருப்பி, அடியைச் சாய்வாகச் சீவி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி அழுத்தி, சுற்றிலும் கால் கட்டைவிரலால் மிதித்து, வேலை முடிந்து போகும்போது பழக்க தோஷத்தில் ஒரு குடம் தண்ணீரும் ஊற்றிவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து பார்த்த தமயந்தி, சுவர் இவ்வளவு உறுதியாக நிற்பதை இதுவரை எங்கும் பார்த்ததில்லை என்று பாராட்டினாள்.

வீடுகள் திறந்தாயிற்று, விளம்பரம் கொடுத்தாயிற்று, தங்குவதற்கு யாரும் வரவில்லை. வந்தவர்கள் பழைய மாதிரியே கொட்டையைத் துப்பிவிட்டுப் போனார்கள். காசிமாயன் மனசு வெறுத்துப்போய்த் தோட்டத்துக்குக் கவாத்து அடித்தான், கையோடு வீட்டுக் கூரையோரம் நீட்டிக்கொண்டிருந்த குச்சிகளையும் வெட்டிவிட்டான். அந்த வாரத்திலேயே மூன்று வீடும் துளிர்த்தன.

ஊர் வந்து பார்த்தது. இலை நல்ல அகலம் என்றது. மருந்தடிக்கிறவன் கொடிகளுக்கு அடித்த மயில்துத்தமும் சுண்ணாம்பும் மிச்சமிருந்ததை வீடுகளுக்கும் அடித்துவிட்டுப் போனான், பூஞ்சை வந்தால் வீடு என்று பார்க்குமா கொடி என்று பார்க்குமா என்று கேட்டுக்கொண்டே. இதற்கு வீட்டு வரி போடுவதா நிலத் தீர்வை போடுவதா என்று கேட்டு மேலே எழுதிய அலுவலர், பதில் வராததால் இரண்டையும் போடாமல் ஒரு பெட்டி பழத்தோடு திருப்தி அடைந்தார். பக்கத்துத் தோட்டக்காரர் ஒரு குச்சியைக் கெஞ்சி வாங்கிப்போய்த் தன் வரப்பில் நட்டார். அவருக்கு ஒரு குளியலறை மட்டும் முளைத்தது, அதுவும் தாழ்ப்பாள் இல்லாமல். வீடுகள் பூத்தபோது வந்த வாசனைக்குத் தேனீக்கள் சன்னல் வழியாகப் போய் வந்தன. அதன் பிறகு கதவுகள் இறுகிக்கொண்டன, சுவர்கள் லேசாகப் புடைத்தன, கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே கட்டிலில் சின்னச் சின்னதாக, பச்சையாக, கண்மூடிக்கொண்டு விருந்தாளிகள் கிடந்தார்கள்.

"ஆளு காய்ச்சிருக்கு," என்று பவுனுத்தாய் அடுத்த தெருவரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அவளுக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. பழுக்கட்டும் என்று எல்லோரும் சொல்லியும் கேட்காமல் முதல் வீட்டுக் கதவை நெம்பித் திறந்துவிட்டாள், உள்ளேயிருந்து ஒரு கணவன் மனைவி காயாகவே வெளியே வந்தார்கள். வந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் புளிப்பு. தலையணை உயரம், காபி ஆறிவிட்டது, மலை அருகில் இருப்பதாகச் சொன்னார்களே, இவ்வளவு தள்ளி இருக்கிறதே, காக்கைகளுக்கு நேரம் காலம் கிடையாதா. அவர்களைப் பஸ் ஏற்றி அனுப்புகிறவரைக்கும் பவுனுத்தாய் தலையைக் குனிந்துகொண்டே நடந்தாள். மற்ற இரண்டு வீட்டுக்கும் காசிமாயன் ஆள் போட்டுக் காவல் காத்தான்.

பழுத்தவர்களோ அவ்வளவு இனிப்பு. கொடியில் பழம் கறுத்த அதே நாளில் இரண்டாம் வீட்டுக் கதவு தானாகத் திறந்து, பெட்டியும் பையுமாகச் சோம்பல் முறித்துக்கொண்டு வந்தவர்கள் பார்த்ததையெல்லாம் புகழ்ந்தார்கள். மண் தரை குளிர்ச்சி என்றார்கள், கிணற்றுத் தண்ணீரை இளநீர் என்றார்கள், பவுனுத்தாயைத் தங்கச்சி என்றார்கள். வாடகைப் பணமும் அவர்கள் பையிலேயே சேர்ந்து விளைந்திருந்ததால் காசிமாயன் மேற்கொண்டு எதையும் விசாரிக்கவில்லை. எங்கிருந்து வந்தீர்கள் என்று ஊரும் கேட்கவில்லை, எப்போது கிளம்புவீர்கள் என்றும் கேட்கவில்லை. விருந்தாளியிடம் இரண்டுமே கேட்கக் கூடாத கேள்விகள். கேட்காததன் விளைவு ஒருவரிடம் தெரிந்தது. விருமாயியின் மீன்குழம்பை விட மனசில்லாமல் கூடுதலாகத் தங்கிவிட்ட ஒரு பெரியவருக்கு முதலில் கன்னம் சிவந்தது, அப்புறம் மேலில் பழைய கள்ளின் வாடை வந்தது, மத்தியான வெயிலில் எருமையைக் கட்டிக்கொண்டு பாடத் தொடங்கினார். அவரைத் தூக்கிப் பஸ்ஸில் வைத்தார்கள். சின்னமனூர் தாண்டும்போதே தெளிந்துவிட்டார் என்று கண்டக்டர் வந்து சொன்னார். நின்றால் புளித்துப்போவார்கள், நகர்ந்தால் இனிப்பார்கள் என்று ஊர் புரிந்துகொண்டது.

இத்தனை பேருக்கும் விருமாயிதான் ஆக்கிப்போட்டாள். காலையில் உள்ளே போனால் சாயங்காலம் தலை வலியோடு வெளியே வருவாள். எல்லோரும் அவள் சமையலைப் புகழ்ந்தார்கள், அவள் முகத்தை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை, புகழ்ச்சி நேராகப் பாத்திரத்துக்குப் போய்விட்டது.

மூன்றாவது வீடு கடைசிவரைக்கும் திறக்கவில்லை. காய் பிஞ்சிலேயே வெம்பிவிட்டது என்று எல்லோரும் கைவிட்ட பிறகு, ஒரு முற்பகலில் கதவைத் தானே திறந்துகொண்டு வந்தவர் அமிர்தலிங்கம். நாற்பத்தைந்து வயது மதிக்கலாம், சுருட்டை முடி, ஒரே ஒரு தோள்பை. மற்ற விருந்தாளிகள் பந்தலைப் பார்க்கப் போக, அவர் சுற்றிக்கொண்டு ரோட்டுப்பக்கம் வந்து சமையலறைச் சன்னலில் நின்று ஆவியை மோந்தார்.

"ரசத்தில் புளி கூடிவிட்டது," என்றார்.

விருமாயி நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் ரசத்தை யாரும் குறை சொன்னதில்லை. ஒரு கரண்டி எடுத்து நாக்கில் விட்டாள். கூடித்தான் இருந்தது.

"ஆமா, கூடிருச்சு," என்றாள். "கோவத்துல கரைச்சேன்."

"யார் மேல் கோபம்?"

இதையும் அவளை யாரும் கேட்டதில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு அவள் சொல்லத் தொடங்கினாள், சொல்லி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது, அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது. மறுநாளும் சன்னலில் வந்து நின்றார், அதற்கு மறுநாளும் நின்றார். விருமாயி தலையில் பூ வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போவதைப் பார்த்த பவுனுத்தாய்க்கு விஷயம் புரிந்துபோயிற்று. அவள் காசிமாயனிடம் சொல்வதற்கு முன்னால் விருமாயியே அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, நான் அவரக் கட்டிக்கிறேன்."

காசிமாயன் கோபப்படவில்லை. கோபப்பட்டால் தோற்றுவிடுவோம் என்று அவனுக்குத் தெரியும். ஊரைக் கூட்டினான்.

மருந்தடித்து முடிந்த ஒரு பிற்பகலில் பந்தலுக்கு அடியில் எல்லோரும் கூடி உட்கார்ந்தார்கள், மாமன் மொக்கச்சாமியும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார், அமிர்தலிங்கம் கல்தூணில் சாய்ந்து நின்றார். அவர் கன்னம் லேசாகச் சிவக்கத் தொடங்கியிருந்ததை விருமாயி பார்த்தாள். இன்னும் இரண்டொரு நாளில் அவர் போய்த்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் எருமையைக் கட்டிக்கொண்டு பாட வேண்டும்.

"நான் ஒண்ணும் வேணாங்கல," என்று காசிமாயன் ரொம்பப் பணிவாக ஆரம்பித்தான். "முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. நம்ம மண்ணுல, நம்ம தண்ணியில விளைஞ்ச ஆளு அவரு. அப்ப எனக்குக் கூடப்பிறந்தவரு, இவளுக்கும் கூடப்பிறந்தவரு. அண்ணன் தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணி வைங்கன்னு சொல்றீகளா?"

வீட்டில் மனுசன் காய்ப்பதை ஏற்றுக்கொண்ட ஊர் அது. முறை தவறுவதை ஏற்றுக்கொள்ளாது.

"வரைஞ்ச இன்ஜினீரம்மாதான ஆத்தா முறை?" என்று ஒருவர் பேச்சை மாற்றிப் பார்த்தார். வீடு காய்த்ததைக் கேள்விப்பட்டு வந்திருந்த தமயந்தியை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏனுங்க, நான் வரைஞ்சது செவுரும் சன்னலும்தானுங்க," என்றாள் அவள் காது சிவக்க. "ஆளை நான் வரையலீங்க. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலீங்க."

"மண்ணு என்னய்யா மண்ணு," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது, பக்கத்துத் தோட்டக்காரருடைய குரல், தாழ்ப்பாள் இல்லாத குளியலறையால் அவருக்கு மனசில் ஒரு கசப்பு இருந்தது. "கொடியப் பாத்து மண்ணு எதுன்னா கேக்கோம்? குச்சி எங்கிட்டிருந்து வந்துச்சோ அந்த ரகந்தான காய்க்கும். குச்சி யாரோடது, அதச் சொல்லு காசிமாயா."

"நம்ம தோட்டத்துக் குச்சிதான்," என்று காசிமாயன் பந்தலை அண்ணாந்து பார்த்துக்கொண்டு சொன்னான்.

விருமாயி எழுந்தாள். "அண்ணே, நம்ம தோட்டத்துக் குச்சி பூராத்தையும் நான்தான அடுப்புல வச்சேன். வந்தவுகளுக்கெல்லாம் அதுலதான் ஆக்கிப் போட்டேன். எரிஞ்ச குச்சியாண்ணே காய்ச்சிருக்கு? அந்த டிராக்டரு எந்தத் தோட்டத்துலருந்து வந்துச்சு?"

காசிமாயனின் பார்வை அவனையும் மீறி மாமன் பக்கம் போய்விட்டுத் திரும்பியது, அதை ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது. கவாத்து முடிந்த கையோடு மொக்கச்சாமியின் வரப்பில் குவித்திருந்த குச்சி காணாமல் போன விவகாரம் எல்லோருக்கும் தெரியும். ஆட்டை விட்டு மேய்த்துவிட்டான் என்று சொந்தப் பங்காளியோடு அவர் பேச்சை முறித்துக்கொண்டதும் தெரியும்.

"என் குச்சியாடா?" என்றார் மொக்கச்சாமி.

அடிதடி வருமென்று நான்கைந்து பேர் எழுந்து நின்றார்கள். அவர் காசிமாயன் பக்கம் போகவில்லை. நேராகப் போய் அமிர்தலிங்கத்தைச் சுற்றி வந்தார், தோளைப் பிடித்துத் திருப்பினார், சுருட்டை முடியை விலக்கிக் காதைப் பார்த்தார். அப்புறம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"எங்க அய்யா காது," என்றார். "ஆம்பளப்பிள்ளை இல்லாதவன், கொள்ளி வைக்க ஆளில்லாதவன்னு எத்தன பேரு எத்தன சொன்னீக. இந்தா நிக்கிறான் என் மகன்." அழுகையோடு காசிமாயனைப் பார்த்து, "நீ திருடாட்டி எனக்கு மகன் ஏது மருமகனே," என்றார்.

தாய்மாமன் மகன். முறைமாப்பிள்ளை. இதைவிட முறை உலகத்தில் கிடையாது. பெண்கள் குலவை போட்டார்கள், அமிர்தலிங்கம் குனிந்து தன் அப்பாவின் காலைத் தொட்டார்.

காசிமாயன் லேசுப்பட்டவன் இல்லை. "ரொம்பச் சந்தோசம்," என்றான். "அப்ப வீட்டோட மாப்பிள்ளையா இங்கனயே இருக்கட்டும். தங்கச்சியும் நம்ம கூடவே இருந்துக்கிருவா."

நல்ல யோசனை என்று கூட்டமும் தலையாட்டியது, அவர்களும் அந்தக் குழம்பைச் சாப்பிட்டவர்கள்தானே.

"அவரு இங்கயே இருந்தா புளிச்சுப்போவாரு," என்றாள் விருமாயி. "நான் இருந்து இருந்து புளிச்சது பத்தாதா? நான் அவரு கூடப் போறேன்."

மொக்கச்சாமி அப்போதே தாலி வாங்க ஆளை அனுப்பினார். மறுநாள் காலையிலேயே மாமன் வீட்டு வாசலில் தாலி கட்டி, கையோடு பஸ் நிறுத்தத்துக்கு அழைத்து வந்துவிட்டார்கள். பவுனுத்தாய் அழுதாள், உண்மையாகவே அழுதாள், பாதி நாத்தனாருக்காக, பாதி தனக்காக. தமயந்தி விருமாயியின் கையைப் பிடித்துக்கொண்டு, "வீடு நல்லா இருந்துச்சுங்களா அக்கா?" என்று மட்டும் கேட்டாள். "சன்னல் நல்லா இருந்துச்சு தாயி," என்றாள் விருமாயி. பஸ் கிளம்பும்போது காசிமாயன் கூடவே நடந்து வந்து கம்பியைப் பிடித்தான்.

"வர்ற விருந்தாளுகளுக்கு இனி யாருத்தா ஆக்கிப் போடுவா?"

"ஆளையே காய்க்குற வீடு சமையக்காரியக் காய்க்காதாண்ணே? கவாத்த மட்டும் ஒழுங்காப் பண்ணு."

அடுத்த அறுப்பில் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடலாம். காசிமாயன் மூன்றாவது வீட்டுக்குக் கணுப் பார்த்து, நாள் பார்த்துக் கவாத்து அடித்தான், வெங்காயத் தோலும் கறிவேப்பிலைக் காம்பும் எருவாகப் போட்டான், அரிசி கழுவிய தண்ணீரை விட்டான். கதவு திறந்தது, நல்ல ஆகிருதியான ஒரு அம்மாள் கொண்டையை முடிந்துகொண்டே வெளியே வந்தார். "சமைக்கத் தெரியுமாத்தா?" என்று காசிமாயன் ஆசையாகக் கேட்டான். அவர் நேராகப் போய்ப் பாயில் உட்கார்ந்து, "இலை போட்டாயிற்றா தம்பி?" என்று கேட்டார். காசிமாயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் போனான், இன்னும் அங்கேதான் இருக்கிறான். அவன் வைக்கிற சாம்பார் அடிப்பிடிக்கிறது. விருந்தாளிகள் புகழ்கிறார்கள்.

அந்தக் காலையில் போன பஸ் பள்ளத்தாக்கைத் தாண்டியதும் அமிர்தலிங்கத்தின் கன்னச் சிவப்பு இறங்கிவிட்டது. பேர் தெரியாத ஒரு ஊரில், வாழை மரம் கட்டிய மண்டபத்தின் எதிரே அவர் எழுந்து, "பசிக்கிறது, இறங்குவோம்," என்றார். நாம் யாரென்று கேட்டால் என்ன சொல்வது என்று அவள் கேட்டாள். கேட்க மாட்டார்கள் என்றார் அவர். உள்ளே பந்தி நடந்துகொண்டிருந்தது, இரண்டு இலை காலியாக இருந்தது, உட்கார்ந்தார்கள். விருமாயிக்கு உட்காரவே தெரியவில்லை. சாம்பார் வாளியோடு வருகிறவனைப் பார்த்ததும் எழுந்து வாங்கிக்கொள்ளக் கை பரபரத்தது, கூட்டை இன்னும் கொஞ்சம் தாராளமாக வை என்று சொல்ல வாய் வந்தது. சோறு ஆவி பறக்க விழுந்தது, யாரோ ஆக்கிய சோறு, அடியில் கொஞ்சம் வெந்தும் வேகாமலும் இருந்தது. அவள் அதைப் பிசைந்து வாயில் வைத்தாள். அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பாயசம் ஊற்றிக்கொண்டு வந்த கல்யாண வீட்டுப் பெண் அவளிடம் நின்று, முகத்தை உற்றுப் பார்த்து, "நீங்க பொண்ணு வீடாம்மா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டாள்.

விருமாயி பக்கத்தில் பார்த்தாள். அமிர்தலிங்கம் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தார், உதவிக்கு வருகிற மாதிரித் தெரியவில்லை.

"நான் விருந்தாளிம்மா," என்றாள் விருமாயி.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டு இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.